காற்றில்லாத ஓட்டம்

வீட்டில் அவளுக்கு விசிறி என்று பெயர். மூன்று வயதில் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து "ஆ" என்று கத்திக்கொண்டே இருப்பாளாம். குரல் துண்டு துண்டாக உடைந்து வருவதில் அப்படி ஓர் ஆனந்தம். பெயர் வைத்தவன் அண்ணன், அவளைவிட ஆறு வயது மூத்தவன். பின்னாளில் அவள் படித்து, காற்றுச் சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்தபோது, "நான் அன்னிக்கே சொன்னேன்ல, இவ வேற எங்க போவா?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காற்றுச் சுரங்கம் என்பது நாலு ரயில் பெட்டியைச் சேர்த்து வைத்த நீளத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. ஒரு கோடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி. நடுவில் கண்ணாடிச் சுவர் போட்ட அறை. அந்த அறைக்குள் லாரியின் சின்ன மாடல் ஒன்றை நிறுத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சுவார்கள். மாடலின் வயிற்றுக்குக் கீழே ஓர் இரும்புக் கை. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று அந்தக் கைதான் எடைபோட்டுச் சொல்லும். விசிறியை இயக்குகிறவரை எல்லோரும் "புயல்" என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கும் ஆளுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

லாரியின் முதுகு சுவர் மாதிரி தட்டையானது. முன்னாலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் காற்று அந்த மூலையில் திரும்ப முடியாமல் பிய்ந்துபோய், பின்னால் சுழன்று சுழன்று வண்டியைப் பிடித்து இழுக்கும். எரிகிற டீசலில் பெரும்பங்கு இந்த இழுப்போடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். போதாததற்குப் பக்கக் காற்று வேறு. வெற்று லாரி என்றால் பாலத்தின் மேல் காகிதப் பெட்டி மாதிரி ஒதுங்கும். விசிறியும் அவள் குழுவும் ஐந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தது இதற்கான மருந்து. லாரியின் பின்விளிம்பு நெடுக, நகக்கண் அகலத்தில் இடுக்குகள். அவற்றின் வழியே அழுத்திய காற்றை விட்டுவிட்டு ஊதவேண்டும். சரியான இடத்தில் கொஞ்சமாக ஊதினாலே போதும், பெரிய காற்றோட்டம் அதன் பேச்சைக் கேட்டு வளையும். இரண்டு பக்கமும் ஊதினால் பின்னிழுப்பு குறையும். ஒரு பக்கம் மட்டும் ஊதினால், அடிக்கிற பக்கக் காற்றுக்கு எதிராக வண்டி தானே தோள் கொடுக்கும். எந்தப் பக்கம் ஊதுவது என்பதை, முன்மூலையில் இருக்கும் சென்சார்களைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் முடிவுசெய்யும்.

மாடல் அசையாமல் நின்றபோது எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அசையவிட்டபோதுதான் சின்னச் சிக்கல். காற்று திடீரென்று பக்கம் மாறுவது போலக் காட்ட, மாடலைச் சுழல்மேடையில் வைத்துச் சட்டென்று இடவலமாக ஆட்டினார்கள். பக்கம் மாறுகிற இடத்தில் கிராஃபில் ஒரு சின்ன மேடு எழுந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுந்தது.

"கை ஆடுதுன்னு நெனக்கிறேன்" என்றாள் விசிறி. "மேடை சட்டுன்னு திரும்புதுல்ல, அந்த அதிர்ச்சில இரும்புக் கையே நடுங்குது. அதத்தான் காட்டுது."

புயல் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கலாம் மேடம்... காத்தில்லாம ஒரு தடவ ஆட்டிப் பாத்துடலாமா? கை நடுங்கறதுன்னா... காத்து இல்லாட்டியும் நடுங்கணும்ல."

நியாயமான பேச்சு. அரை நாள் வேலை. ஆனால் பத்து நாளில் லாரி கம்பெனிக்காரர்கள் வரவிருந்தார்கள், இன்னும் நாற்பது ஓட்டம் பாக்கி இருந்தது.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த மேட்டை வடிகட்டி எடுக்கக் கணக்கில் ஒரு வழி உண்டு. வடிகட்டினாள். கோடு வழவழவென்று ஆகிவிட்டது.

கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. நிஜ லாரி ஒன்றில் இடுக்குகளைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பார்க்க முடிவாயிற்று. ஓட்டுவதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டி ஒரு கீறல்கூட வாங்காத ஆள் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றாள் விசிறி. தெரியாமல் என்ன, கூடப் பிறந்தவன்.

அண்ணன் சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் நடந்தான். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையை வீட்டிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கழட்டித் தொலைங்களேன், துவைக்கணும்" என்று அண்ணி சொன்னால், "டெஸ்ட் டிரைவர்கிட்ட மரியாதையாப் பேசு" என்பான்.

ஓட்டம் நடந்தது ஒரு கடலோரச் சாலையில். ஓரிடத்தில் குன்றை வெட்டி வழி போட்டிருந்தார்கள். வெட்டின் கடைசிவரை காற்று இடப்பக்கம் இருந்து அடிக்கும். வெளியே வந்த நொடியில் வலப்பக்கம் இருந்து அறையும். மூன்றாம் நாள் மாலை, வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் நேராக அவளிடம் வந்தான்.

"விசிறி, ஒன்னு சொல்றேன், கேளு. அந்தக் குன்ன விட்டு வெளிய வர்றப்ப வண்டி என்னவோ பண்ணுது. காத்து வலப்பக்கத்துலேர்ந்து அடிக்குது, சரி, அதுக்கு நான் தயாராத்தான் இருக்கேன். ஆனா ஒரு கண் சிமிட்டற நேரம் வண்டி காத்தோட சேந்துக்கிட்டு இடப்பக்கம் பாயுது. யாரோ பின்னாடி நின்னு தள்ளிவிட்ட மாதிரி."

"எப்பவுமா?"

"காத்து பலமா இருந்தா எப்பவும். இன்னிக்கி மூணு தடவ ரோட்டுக் கோட்டத் தாண்டிட்டேன். எனக்கே வெக்கமாப் போச்சு."

"பாக்கறேன்ணா" என்றாள்.

பார்க்கத்தான் செய்தாள். சுரங்கத்து எண்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். வழவழவென்ற கோட்டில் அப்படி ஒரு தள்ளல் எங்கேயும் இல்லை. பின்னால் வந்த காரிலிருந்து கம்பெனி ஆள் ஒருவரும் லாரி கோட்டைத் தாண்டியதைக் குறித்து வைத்திருந்தார். காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டார்கள். ஊதும் கருவியில் குறை என்றால் திட்டமே நின்றுபோகும். அவள் ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: "திசை மாறும் காற்றில் ஓட்டுநரின் கை தாமதமாக இயங்குகிறது, இது கருவியின் குறையன்று." எழுதும்போது அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கு ஐம்பது ஆகப்போகிறது, பழைய வண்டிகளின் பழக்கம், புது வண்டி கைக்கு வர நாளாகும் என்று நினைத்தாள். அந்த வரியைப் படிப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அவர்கள் அண்ணனைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் விரலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், குடும்பத்தில் யாருக்காவது கை நடுக்கம் உண்டா என்று கேட்டார். இருந்தது. அவர்களுடைய பெரியப்பா கடைசிப் பத்து வருஷம் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் குடித்ததில்லை. அண்ணன் உள்ளதைச் சொன்னான். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. "சந்தேகத்துக்கு இடமிருப்பதால் கனரக வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது" என்று எழுதினார். கம்பெனி அவனை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றியது. நல்ல வேலைதான், நிழலில் உட்கார்கிற வேலை.

விசிறிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும், டாக்டரே சொன்ன பிறகு நாம் என்ன செய்ய முடியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பெரியப்பாவின் முகம் அவளுக்கும் நினைவில் இருந்தது. ஒருவேளை அண்ணனுக்கு நிஜமாகவே ஆரம்பித்திருந்தால், முன்கூட்டியே தெரிந்தது நல்லதுதானே?

அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் நடவடிக்கை மாறிப்போனது. டீ குடிக்கும்போது கோப்பையைப் பாதி தூக்கிக் காற்றில் நிறுத்தி, ஆடுகிறதா என்று பார்ப்பான். சட்டைப் பொத்தானை மெதுவாக, ஒவ்வொன்றாக, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி போடுவான். முதலில் சொந்தக் காரில் தூரப் பயணத்தை விட்டான். பிறகு கடைத்தெருவுக்கு ஓட்டுவதையும் விட்டான். அண்ணிதான் ஓட்டினாள். மகளுக்குப் பதினெட்டு வயசானால் தானே ஓட்டக் கற்றுத்தருவேன் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வாக்குக் கொடுத்தவன், அந்த வயசு வந்தபோது ஒரு பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். "எனக்குப் பொறுமை கிடையாதும்மா" என்று காரணம் சொன்னான். பொறுமைக்கு அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. சுரங்கத்துக்குப் புது இரும்புக் கை ஒன்று வந்தது. பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று புயல் மாடலைப் பழைய கையிலேயே வைத்துக் காற்றில்லாமல் ஆட்டினார். விசிறி வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவள், திரையைப் பார்த்தாள்.

கோடு தட்டையாக இருந்தது. மேடு இல்லை.

"இன்னொரு தடவ ஆட்டுங்க" என்றாள்.

ஆட்டினார். மேடு இல்லை.

"இன்னும் வேகமா."

"இதுக்கு மேல மேடை போகாது மேடம்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவருக்கும் புரிந்துவிட்டது. மெதுவான ஆள், ஆனால் எதையும் மறக்கிறவர் இல்லை. அன்றைக்குத் தான் கேட்டதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்காட்டவில்லை. எழுந்து போய் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இரும்புக் கை நடுங்கவேயில்லை. மேடு காற்றினுடையது. ஒரு பக்க இடுக்கில் ஊதலை நிறுத்தினாலும், அதை ஒட்டி வளைந்த காற்றோட்டம் உடனே விட்டுப் பிரிவதில்லை. அரை நொடிக்கும் குறைவான நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டு பழைய பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். அதற்குள் வெளிக்காற்று திசை மாறிவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும். அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதான். பின்னாடி நின்று யாரோ தள்ளிவிட்ட மாதிரி.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பிற்பாடு தூக்கம் வராமல் அவள் புரண்டதெல்லாம் இதை நினைத்துத்தான். அன்று மத்தியானமே பஸ் ஏறிக் கிடங்குக்குப் போய், "அண்ணா, உன் கை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல். ஆனால் அவள், முழு நிரூபணத்தோடு போகலாம், குறையைச் சரிசெய்துவிட்டுப் போகலாம், வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது என்று தனக்குத்தானே காரணம் அடுக்கினாள். உண்மையில் அவளுக்குப் பயம். பதினோராம் பக்கம் அவள் கண்முன்னாலேயே நின்றது.

சரிசெய்ய ஐந்து மாதம் ஆயிற்று. மருந்து சின்னதுதான். பக்கம் மாறும்போது பழைய பக்கத்து இடுக்கில் ஊதுவதற்குப் பதிலாக ஒரு நொடி உறிஞ்சவேண்டும். ஒட்டியிருந்த காற்று பிய்ந்துகொள்ளும். மேடு போய்விட்டது, இந்தத் தடவை வடிகட்டாமலே. அந்த ஐந்து மாதத்துக்குள் அண்ணனின் கனரக லைசன்ஸைப் புதுப்பிக்கும் தேதி வந்தது. அவன் அலுவலகத்துக்குப் போகவில்லை. "எனக்கெதுக்கு அது?" என்று கடிதாசை அலமாரியில் போட்டுவிட்டான். தேதி கடந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அவன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சமையலறை மேசையில் உட்கார்ந்து குழாய்க்கு வாஷர் வெட்டிக்கொண்டிருந்தான். அண்ணி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். விசிறி கிராஃபை எடுத்து மேசையில் விரித்தாள். மேட்டின் மேல் விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை சொன்னாள்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"அப்போ என் கை?"

"உன் கைக்கு ஒன்னுமே இல்லண்ணா. நீ சொன்னதுதான் சரி. தப்பு வண்டிலதான்."

அவன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தான். சிரித்தான். "கேட்டியா?" என்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியா, எனக்கு ஒன்னுமில்லயாம்!" அண்ணி துணியைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூவரும் சிரித்தார்கள். விசிறியும் சிரித்தாள், அந்த நிமிஷம் அப்படியே நீண்டுவிடாதா என்று ஏங்கியபடி.

பிறகு அண்ணன் கேட்டான். "ஏன் விசிறி, அப்ப யாரு அந்த மாதிரி எழுதினது? கை தாமதம்னு?"

அவன் ரிப்போர்ட்டைப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் வாயிலிருந்து கேட்டதோடு சரி.

"நான்தாண்ணா" என்றாள்.

அவன் புரியாதவன் போலப் பார்த்தான்.

"நான்தான் எழுதினேன். காத்தில்லாம ஒரு தடவ ஓட்டிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அரை நாள் வேலை. பண்ணல. அதுமட்டுமில்ல, இது எனக்குத் தெரிஞ்சே அஞ்சு மாசம் ஆச்சு."

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவன் வாஷரை எடுத்து விரலில் மாட்டி மாட்டிக் கழற்றினான்.

"எனக்கு அப்ப சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றான் கடைசியில். "வண்டிலதான் ஏதோ இருக்குன்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஆனா நீ அங்கதான இருந்த. நீ கூட இருந்தும் அப்படி எழுதியிருக்காங்கன்னா, அது நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். உன்ன வெச்சுத்தான் அத நம்பினேன்."



வாசல்வரை அண்ணி வந்தாள். குரலை உயர்த்தாமல் பேசினாள். "அவரு நாளைக்கே உன்கிட்ட பழையபடி பேசுவாரு. அவரால யார்மேலயும் கோவத்த வெச்சிருக்க முடியாது. என்னால முடியும். ரெண்டு வருஷம் அந்த மனுஷன் கண்ணாடி முன்னாடி நின்னு கைய நீட்டிப் பாத்ததத் தெனம் பாத்தவ நான். நீ பாக்கல."

"அண்ணி..."

"போயிட்டு வா" என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் விசிறி துறைத் தலைவரின் அறைக்குப் போய், ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும் என்றாள். குறை சரியாகிவிட்டது, இனி பழையதைக் கிளறுவானேன் என்றார் அவர். அவள் விடவில்லை. திருத்தம் போயிற்று. கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது. கனரக லைசன்ஸை மறுபடி எடுத்துக்கொண்டால் பழைய இருக்கை காத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கு முதல் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும்.

"எடுப்பியாண்ணா?" என்று கேட்டாள். அண்ணி சொன்னபடியே அவன் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தான்.

"முதல்ல காரை ஓட்டிப் பாக்கலாம்" என்றான்.

ஒரு பிற்பகலில், லாரிகள் நிறுத்துகிற பெரிய காலி மைதானத்துக்கு அவள் காரில் போனார்கள். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடிகளைச் சரிசெய்தான். முதல் சுற்றை நிதானமாக ஓட்டினான். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் வேகம் பிடித்தான். அவளுக்கு நம்பிக்கை வந்தது. மூன்றாவது சுற்றில், மைதானத்து ஓரக் கிடங்கைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு காற்று வந்து காரை லேசாக உலுக்கியது. யாரும் கவனிக்காத சின்ன உலுக்கல். அண்ணன் பிரேக்கை அழுத்தி மிதித்தான். இருவரும் முன்னால் போய் பெல்ட்டில் தொங்கினார்கள். அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒன்னும் ஆகலண்ணா. காத்துதான். நீ சரியாத்தான் பிடிச்ச."

"தெரியும்" என்றான். "கை நல்லாத்தான் இருக்கு. நீ கணக்குப் போட்டுக் காட்டிட்டே. ஆனா அது தப்புப் பண்ணுமோன்னு பாத்துக்கிட்டே இருக்கேன் பாரு, அத நிறுத்த முடியல. இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கிறவன் லாரி ஓட்டக்கூடாது விசிறி. ஓட்டினா யாரையாவது கொன்னுடுவேன்."

இருவரும் இறங்கி இடம் மாறிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் அந்த உறிஞ்சுகிற வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் நல்ல கேள்விகளாகக் கேட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அதே மாதிரிதான் இருந்திருக்கும்.

லாரி விற்பனைக்கு வந்துவிட்டது. நல்ல பெயரும் வாங்கியிருக்கிறது. குழுவில் அவளைப் பாராட்டி ஒரு கூட்டம் வைத்தார்கள். அவள் உடம்பு சரியில்லை என்று போகவில்லை. இப்போதெல்லாம் எந்தச் சோதனைக்கும் முதல் ஓட்டம் காற்றில்லாத ஓட்டம்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் நேரம் வீண் என்று முணுமுணுப்பார்கள். புயல் மட்டும் எதுவும் சொல்லாமல் மேடையைச் சுழற்றிவிடுவார்.

அண்ணன் கிடங்கிலேயே இருந்துவிட்டான். ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் அவனைப் பார்க்கப் போனவள், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். "உனக்கெதுக்கு சுத்து? பஸ் இப்ப வந்துடும்" என்றான். இரண்டு பேரும் நிறுத்தத்தில் நின்றார்கள். மகள் காரை எவ்வளவு அழகாகப் பின்னால் எடுக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தான். பஸ் வந்தது. கூட்டமே இல்லை. டிரைவருக்கு நேர் பின்னால், சாலை முழுக்கத் தெரிகிற இருக்கை காலியாக இருந்தது. அவன் அதைத் தாண்டி நடந்துபோய், கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப் பார்த்துக் கையசைத்தான்.